செஞ்சோற்றுக்கடன்: யாச்சம நாயக்கரும் போர்க்காலச் சேவகமும்

1. வினா

1614ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஒன்றையொன்று அறியாத இரண்டு தேசங்களில், ஆயுதம் தாங்கிய பல்லாயிரம் மனிதர் ஒரே தர்மசங்கடத்தில் சிக்கியிருந்தனர். ஜப்பானில், தொயொதொமி ஹிதேயோஷி விட்டுச்சென்ற மகன் ஹிதேயோரி ஒசாகாக் கோட்டைக்குள் இருக்க, தொகுகாவா இயெயாசு அக்கோட்டையை முற்றுகையிட்டார். தகப்பன் கையால் நிலமும் பதவியும் பெற்ற பெருந்தலைவர்களில் ஒருவரும் பிள்ளையின் பக்கம் சேரவில்லை. ஆண்டானை இழந்து ஊர் ஊராய்த் திரிந்த வீரர்களே அவனுக்குத் துணையாகக் கோட்டைக்குள் நுழைந்தனர். நம்முடைய தொண்டை மண்டலத்தில், வேலூர் அரண்மனையில் விஜயநகரத்தின் இரண்டாம் வேங்கடபதி ராயர் அவ்வாண்டு அக்டோபரில் கண்மூட, அவர் உப்பைத் தின்ற தளபதிகளில் பெரும்பாலோர் அவர் குறித்த வாரிசைக் கைவிட்டனர். வேலுகோடி யாச்சம நாயக்கர் என்ற ஒருவர் மட்டும் கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு வெளியேறி, எதிர்த்து நின்றார்.

உயிரைத் துரும்பாக மதித்து ஆண்டானுக்காக மாளும் சேவகன் என்ற சித்திரம் நமக்குப் புதியதன்று. ஜப்பானியச் சாமுராயைத் திரைப்படங்கள் வழியாகவும், சோழரின் வேளைக்காரப் படையையும் பாண்டியரின் ஆபத்துதவிகளையும் கல்கியின் தொடர்கதை வழியாகவும் அறிந்த வாசகனுக்கு அது ஏறக்குறைய மனப்பாடம். ஆயினும், ஓயாத யுத்தம் நடந்த காலத்தில் ஒரு படைச்சேவகன் உண்மையில் எதற்குக் கட்டுப்பட்டிருந்தான், ஆண்டான் என்ற தனி ஆளுக்கா, அவன் குலத்துக்கா, அன்றித் தன் கையிலிருந்த நிலத்துக்கா என்பதைச் சான்றுகளைக் கொண்டு நிதானமாகப் பார்க்கும் முயற்சி தமிழில் குறைவு. யாச்சமரின் விருத்தாந்தம் அதற்கு நல்ல இடம் தருகிறது.

2. விசுவாசப் புராணத்தின் வயது

சாமுராயின் தர்மம் என்று இன்று உலகமெங்கும் பேசப்படுவது பெரும்பாலும் யுத்தங்கள் ஓய்ந்தபின் எழுதப்பட்டது என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானின் போர்க்காலம் 1467இல் ஓனின் கலகத்தோடு தொடங்கி 1615இல் ஒசாகாவின் வீழ்ச்சியோடு முடிகிறது. மரணத்தையே சேவகனின் மார்க்கமாகப் போற்றும் ஹாககுரே என்ற நூலோ, போர்க்களத்தையே கண்டிராத ஒரு சேவகர் துறவு பூண்டபின் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டது. நிதோபே இனாசோ 1900இல் புஷிதோவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், மேல்நாட்டாருக்குத் தம் நாட்டின் ஒழுக்கத்தை விளக்கப் புகுந்த ஒரு கிறிஸ்தவ அறிஞரின் படைப்பு.

ஆண்டான் இறந்ததும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உடன் மாளும் வழக்கமும் அமைதிக் காலத்திலேதான் பெருகிற்று. 1636இல் தாதே மசமுனே படுக்கையில் இறந்தபோது பதினைந்து சேவகர்களும், 1641இல் ஹொசொகாவா ததாதோஷி இறந்தபோது பத்தொன்பது சேவகர்களும் உடன் மாண்டனர். 1663இல் அரசாங்கமே ஆணை பிறப்பித்து அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. போரில் உயிர்விட வாய்ப்பில்லாதவன் வேறு எப்படித்தான் தன் விசுவாசத்தை நிரூபிப்பான் என்று கேட்கத் தோன்றுகிறது.

போர் நடந்த காலத்து நடத்தை வேறு. 1582இல் ஓடா நொபுநாகாவை ஹொன்னோஜி ஆலயத்தில் சூழ்ந்து மாளச்செய்தவர் அவருடைய தளபதியான அகெச்சி மித்சுஹிதே. 1600இல் செகிகஹாரா களத்தில் கொபயகாவா ஹிதேயாகி மலைச்சரிவில் காத்திருந்து, நடுப்போரில் கட்சி மாறி, ஒரு தேசத்தின் தலைவிதியைத் தீர்த்தார். சாதாரணக் காலாளாகத் தொடங்கி ஆண்டான்களை மாற்றிக்கொண்டே வந்த தோதோ தகாதோரா, முடிவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கொக்கு நெல்வருமானமுள்ள சீமைக்கு அதிபதியானார். ஒரு கொக்கு என்பது சுமார் 150 கிலோ அரிசி. அக்காலத்தார் இதைப் பெரிய பாவமாகக் கருதியதாகத் தெரியவில்லை. தகுதிக்கேற்ற கூலி தராதவனை விட்டு விலகுவது சேவகனின் உரிமையாகவே இருந்தது.

நம் பக்கத்துச் சான்றுகளும் இதே இருமுகத்தைக் காட்டுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசனின் சிதையில் அவனுடைய அணுக்கர்கள் தாமும் விழுந்து எரிந்ததாக எழுதுகிறார். ஹொய்சள நாட்டில், 1220 அளவில், இரண்டாம் வல்லாளனின் தளபதி குவர லக்ஷ்மன் தன் மனைவியோடும் வீரர்களோடும் உயிர்விட்டதை ஹளேபீடுத் தூண் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் இலங்கையில் முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்க ஆணையிட்டபோது, சபதம் செய்த வேளைக்காரர்களே கலகம் செய்து, தளபதிகளைக் கொன்று, அரண்மனைக்குத் தீயிட்டனர் என்று சூளவம்சம் கூறுகிறது. அரசன் அக்கலகத்தை அடக்கி, தலைவர்களைக் கொடிய தண்டனைக்கு உள்ளாக்கினான். அதே வேளைக்காரர்கள்தாம் அவ்வரசனுக்குப் பிற்பட்ட பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டில், புத்தரின் தந்தம் இருந்த ஆலயத்தைக் காப்போம் என்று உறுதி கூறுகிறார்கள். சபதமும் கலகமும் ஒரே கூட்டத்தாரிடம் ஒரு தலைமுறைக்குள் இருந்திருக்கின்றன. ஒன்றைமட்டும் மேற்கோள் காட்டி மற்றதை மறைப்பது ஆராய்ச்சியாகாது.

3. நிலமும் ஆளும்

இனி, சேவகத்தின் பொருளாதாரம். 1530களில் விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வியாபாரி பெர்னாவோ நூனிஸ், பேரரசின் பெருந்தலைவர்களின் வருமானத்தையும் கடமையையும் வரிசையாகக் குறித்துவைத்தார். சோழமண்டலக் கரையையும் தஞ்சையையும் நாகப்பட்டினத்தையும் ஆண்ட சாளுவ நாயக்கருக்கு 11 இலட்சம் பொன் பர்தாவ் வருமானம். அதில் மூன்றிலொரு பங்கு அரசருக்கு. மீதியைக்கொண்டு 30,000 காலாட்களையும் 3,000 குதிரைகளையும் 30 யானைகளையும் எக்காலமும் வைத்திருக்க வேண்டும். இதோடு நிறுத்தாமல், இவர் அத்தனை படையை ஒருபோதும் வைப்பதில்லை, மிச்சம் பிடித்துக்கொள்கிறார், அரசரும் வேண்டும்போது அதைப் பிடுங்கிக்கொள்கிறார் என்றும் நூனிஸ் எழுதுகிறார். கணக்கு எழுதப் பழகிய ஒரு வியாபாரியின் கண்ணுக்குத் தென்பட்ட இந்த ஒரு வாக்கியம், ராஜபக்தியைப் பற்றிய பல காவியங்களைவிட நமக்கு உபயோகமானது.

இதற்கு நிகரான ஏடு ஜப்பானிலும் உண்டு. ஒதவாராவை ஆண்ட ஹோஜோ குலத்தார் 1559இல் தம் சேவகர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரின் நிலங்களையும் அவற்றின் மதிப்பையும் எழுதிவைத்த பதிவேடு அது. நிலத்தின் மதிப்பு காசுக்கணக்கில் குறிக்கப்பட்டது. அதைக்கொண்டு எத்தனை ஆள், என்னென்ன ஆயுதம் என்பது தீர்மானிக்கப்பட்டது. படைச்சேவகத்துக்கு ஈடாக நிலம், அதாவது அமரம், பெற்ற நாயக்கனும் ஹோஜோவின் சேவகனும் ஒருவரையொருவர் சந்தித்திருந்தால், மொழி புரியாவிட்டாலும் கணக்கு புரிந்திருக்கும்.

ஆண்டான்கள் அஞ்சியதும் இந்த நிலத்தைக் குறித்தே. சேவகனின் வேர் அவன் கிராமத்தில் இருக்கும்வரை அவன் முழுமையாகத் தன்னுடையவன் அல்லன் என்பதை நொபுநாகா உணர்ந்திருந்தார். 1578ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய அசுச்சி நகரில் ஒரு வில்லாளியின் வீடு தீப்பற்றியது. விசாரித்ததில், அவன் மனைவி மக்களைச் சொந்த நாடான ஓவாரியில் விட்டுவிட்டுத் தனியே சமைத்துக்கொண்டு கிடந்தது தெரிந்தது. உடனே கணக்கெடுக்கச் சொன்னார். அவ்வாறு தனியே இருந்தவர் 120 பேர் எனத் தெரிந்ததும், ஓவாரியிலிருந்த அவர்களுடைய வீடுகளைக் கொளுத்தவும், கொல்லை மரங்களை வெட்டவும் ஆணை போயிற்று. குடும்பங்கள் வேறு வழியின்றி அசுச்சிக்கு வந்து சேர்ந்தன. நொபுநாகாவிடம் வில்லாளியாக இருந்து பின்னர் அவர் சரித்திரத்தை எழுதிய ஓட்டா கியூயிச்சி இதைக் குறித்துள்ளார். பத்தாண்டுகளுக்குப்பின் ஹிதேயோஷி குடியானவர்களின் வாள்களைப் பறித்ததும், உழுபவனையும் போரிடுபவனையும் பிரித்ததும் இதே வழியில் சென்ற காரியங்களே. விஜயநகர அரசர்களால் அவ்வளவு தூரம் செல்ல இயலவில்லை. நாயக்கர்கள் தங்கள் ஸ்தானாபதிகளைத் தலைநகரில் வைத்துவிட்டுச் சீமைகளில் வேரூன்றினார்கள்.

இந்த வேரூன்றலை எப்படி வியாக்கியானம் செய்வது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. பேரரசின் மையம் சடங்கு முறையிலேயே மேலாண்மை செலுத்தியது, உள்ளூர்த் தலைவர்களே உண்மையான அதிகாரம் பெற்றிருந்தனர் என்பது பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலின் சாரம். அதை மறுத்தவர் நொபொரு கராஷிமா என்பது தற்செயலன்று. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்று, பின்னர் வட, தென் ஆர்க்காட்டுப் பகுதிகளின் நாயக்கர்களைக் கல்வெட்டுக் கல்வெட்டாகத் தேடித் தொகுத்த அந்த ஜப்பானியர், அரசர் நிலம் தர நாயக்கர் படை தரும் இவ்வமைப்பை நிலப்பிரபுத்துவம் என்று கொள்வதே பொருத்தம் என வாதித்தார். என் அபிப்பிராயத்தில், வேலூரும் செங்கற்பட்டும் சேர்ந்த வடபகுதியைப் பொறுத்தவரை கராஷிமாவின் பக்கமே சான்று மிகுதி. அரசன் கொடுத்தான், அரசன் பிடுங்கினான் என்பதற்கு இங்கே தடயங்கள் உள்ளன. ஆனால் அரசனே இல்லாதுபோனால் அவ்வமைப்பு என்னவாகும் என்ற கேள்விக்கு அவர் தொகுத்த கல்வெட்டுகளில் விடை இல்லை.

4. உத்திரமேரூர் முதல் தோப்பூர் வரை

படப்பையில் வாழ்பவனுக்கு இந்த விருத்தாந்தத்தின் முதற்களம் தொலைவில் இல்லை. படப்பையை ஒட்டிய மணிமங்கலத்தில் பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியோடு பொருதான் என்பதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அந்தப் பழைய போர்க்களத்தை விட்டு மேற்கே, இன்று ஜப்பானியத் தொழிற்கூடமும் ஒன்று இயங்கும் ஒரகடத்தைக் கடந்து, வாலாசாபாத்திலிருந்து தெற்கே திரும்பினால் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற அவ்வூர், பராந்தகன் காலத்துக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப்பின், சபை மறைந்து, ஒரு கோட்டையும் அதைக் காக்கும் தளபதியுமாக மாறியிருந்தது.

செங்கற்பட்டுப் பக்கத்துப் பெரும்பேடு சீமை யாச்சம நாயக்கருக்கு வேங்கடபதி ராயரால் அமரமாக அளிக்கப்பட்டிருந்தது. வேலூரை ஆண்ட லிங்கம நாயக்கர் இதைப் பொறுக்காமல், தாவுல பாப்ப நாயுடு என்பவரின் தலைமையில் படை அனுப்ப, 1601ஐ ஒட்டி உத்திரமேரூரில் போர் நிகழ்ந்தது. யாச்சமர் வென்றார், பாப்ப நாயுடு மாண்டார். அதன் தொடர்ச்சியாக வேலூரே பேரரசரின் கைக்கு வந்து தலைநகரமும் ஆயிற்று. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யாச்சமர் அப்போது அரசருக்காகப் போரிட்டாரா, தமக்குக் கிடைத்த சீமையைக் காத்துக்கொள்ளப் போரிட்டாரா என்ற வினாவுக்கே இடமில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அரசர் வலிமையாக இருக்கும்வரை சேவகனின் நலனும் விசுவாசமும் பிரித்தறிய முடியாதபடி பிணைந்தே நிற்கும்.

அவை பிரிந்த தருணத்தை மனோவெல் பர்ராதாஸ் என்ற சேசு சபைக் குருவின் கடிதம் காட்டுகிறது. 1616 டிசம்பர் 12ஆம் தேதியிட்டு எழுதப்பட்ட இக்கடிதத்தை ராபர்ட் சீவெல் 1900இல் விஜயநகரத்தைப் பற்றிய தம் நூலில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வேங்கடபதிக்குப் பிள்ளை இல்லை. பாயம்மா என்ற ராணி, ஓர் அந்தணப் பெண்ணின் குழந்தையைத் தன் வயிற்றில் பிறந்ததாகக் காட்டி வளர்த்துவந்தாள். அரசருக்கு அது தெரிந்தும் வெளிக்காட்டவில்லை. சாவதற்கு மூன்று நாள் முன், தளபதிகள் சூழ்ந்திருக்க, தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை அழைத்து அரச மோதிரத்தை நீட்டினார். அவனோ கண்ணீர் சொரிந்து, தனக்கு அரசு வேண்டாம் என்று கிழவரின் காலில் விழுந்தான். தூக்கி நிறுத்தச் செய்து, விரல் நுனியில் மோதிரத்தை வைத்து மறுபடியும் நீட்டினார்; தளபதிகள் சொல்லியபின்னரே பெற்றுக்கொண்டான். அரசரின் சிதையில் மூன்று ராணிகள் ஏறினர். தளபதிகளில் ஒருவரும் ஏறியதாகக் கடிதத்தில் இல்லை.

பாயம்மாவின் உடன்பிறந்தவரான கொப்பூரி ஜக்க ராயர், பர்ராதாஸ் கணக்கின்படி ஆறு இலட்சம் குரூசாடோ வருமானமும் 20,000 வீரர்களும் உடையவர். அவரும் இரு தலைவர்களும் கூடி, புதிய அரசரைச் சிறையிட்டு, வளர்ப்புப் பிள்ளையை அரியணை ஏற்றினர். மற்றத் தலைவர்கள் பணிந்து மரியாதை செய்தார்கள். யாச்சமர் மட்டும் யானைகளையும் உடைமைகளையும் ஏற்றிக்கொண்டு நகரை விட்டு நீங்கினார். வந்து வணங்காவிடில் அழிப்பேன் என்று ஜக்க ராயர் ஆளனுப்ப, யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத ஒருவனுக்குத் தாம் வணக்கம் செய்வதற்கில்லை என்று மறுமொழி போயிற்று. பின்னர் பதவியும் வருமானமும் காட்டி நயமாகவும் அழைத்தனர், அவர் அசையவில்லை.

இதற்குப்பின் நடந்தவற்றுள் ஒரு சிறு செயல் பெரிய போர்களைவிட முக்கியமானது. அரண்மனைக்கு வந்துபோகும் வண்ணார் ஒருவரைக்கொண்டு, சிறையிலிருந்த ஸ்ரீரங்கரின் நடுப்பிள்ளையை அழுக்குத்துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவரச் செய்தார் யாச்சமர். அரசரையும் மீட்க நடந்த முயற்சி கைகூடவில்லை. அம்முயற்சியால் வெகுண்ட ஜக்க ராயர், அரச குடும்பம் முழுவதையும் ஒழிக்க முடிவுசெய்தார். மனைவியையும் மக்களையும் தம் கையாலேயே வெட்டிவிட்டு, தாமும் வாள்மேல் விழுந்து மாளும்படி ஸ்ரீரங்கர் வற்புறுத்தப்பட்டார். எஞ்சியது மூட்டைக்குள் வந்த பிள்ளை ராமதேவன் ஒருவனே.

செய்தி பரவியதும் மக்கள் மனம் மாற, யாச்சமரின் படை பெருகிற்று. தோல்வியுற்ற ஜக்க ராயர் காட்டுக்கு ஓடி, மதுரை நாயக்கரையும் செஞ்சி நாயக்கரையும் துணைசேர்த்தார். தஞ்சை ரகுநாத நாயக்கர் யாச்சமரோடு நின்றார். திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பத்து இலட்சம் வீரர் கூடியிருப்பதாகப் பர்ராதாஸ் எழுதுவதை நம்ப வேண்டியதில்லை. அவ்வளவு பேருக்குச் சோறும் தண்ணீரும் காவிரிக்கரையிலும் கிடைத்திரா. ஆயினும் கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த அப்போர் மிகப்பெரியது என்பதில் ஐயமில்லை. ஜக்க ராயர் அங்கே விழுந்தார். ராமதேவர் 1617இல் அரசரானார்.

5. சாட்சிகளை எடைபோடல்

இவ்விருத்தாந்தத்தைச் சொல்பவர் ஏறக்குறைய எல்லோரும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். வேலுகோடி வம்சாவளி, 1939இல் நே. வேங்கடரமணய்யாவால் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பிக்கப்பெற்றது. அது அக்குலத்தைப் போற்றிய தெலுங்குப் புலவர்களின் வாக்கு. தஞ்சை அரசவையில் எழுந்த சாகித்ய ரத்னாகரமும் ரகுநாதாப்யுதயமும் வெற்றி மாலையை ரகுநாதரின் தோளில் சூட்டுகின்றன. இவ்விரு சாராருக்கும் வெளியே நின்றவர் பர்ராதாஸ் ஒருவரே. அவரும் தம் சபையார் சொல்லக் கேட்டு எழுதியவர், சதியும் கொலையும் நிறைந்த கதையில் இயல்பாகவே ஆர்வம் கொண்டவர். ஆனாலும் யாச்சமர் வணங்க மறுத்ததும், பிள்ளையை மீட்டதும், அவர் புகழ் பாட வேண்டிய அவசியமே இல்லாத இக்கடிதத்தில் போர் முடியுமுன்னரே பதிவாகியுள்ளன. எனவே அவற்றைப் பிற்காலப் புனைவு என்று தள்ளிவிட இயலாது.

அவற்றை வெறும் ராஜபக்தி என்று கொள்ளலாமா? ஜக்க ராயரின் கை ஓங்கினால் பெரும்பேடும் உத்திரமேரூரும் யாச்சமரிடம் தங்கியிருக்குமா என்பது ஐயமே என்று, எதற்கும் சுயநலத்தையே காரணம் காட்டுபவன் சொல்லுவான். அது பாதி சரி. ஆனால் ஜக்க ராயர் நிலமும் வருமானமும் கொடுக்கவே முன்வந்தார். நிலம் ஒன்றே குறி என்றால் பேரம் பேசியிருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. அரசர் மாண்டு, வாரிசும் சிறைப்பட்டபின், விசுவாசம் செலுத்துவதற்கு ஆண்டான் என்று எவருமே எஞ்சவில்லை. அந்நிலையில் விசுவாசி என்று பெயரெடுக்க விரும்பும் சேவகன், முதலில் தனக்கு ஓர் ஆண்டானைத் தானே உண்டாக்கியாக வேண்டும். ஜக்க ராயர் வளர்ப்புப் பிள்ளையைக்கொண்டு செய்ததும், யாச்சமர் மூட்டைப் பிள்ளையைக்கொண்டு செய்ததும் செயல்வகையில் ஒன்றே; வேறுபாடு, ஒருவர் குலத்தின் இரத்தத்தைப் பற்றிநின்றார், மற்றவர் அதை அழித்தார் என்பதில் இருக்கிறது. சேவகத்தின் உச்சமும் அரசனை ஆக்கும் அதிகாரமும் இங்கே ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன.

ஜப்பானில் இதற்கு நேரான சரிதம் யமனாக்கா ஷிக்கானோசுகேயினுடையது. அவர் சேவித்த அமாகோ குலம் 1566இல் மோரி குலத்திடம் கோட்டையைப் பறிகொடுத்தது. ஆண்டானின்றி நின்ற அவர், கியோத்தோவில் துறவியாக இருந்த அக்குலத்துக் கட்சுஹிசா என்ற இளைஞரைத் தேடிப்பிடித்து, காவியைக் களையச் செய்து, தலைவராக்கி, பத்தாண்டுகள் மோரிகளை எதிர்த்தார். 1578இல் கோசுக்கிக் கோட்டை முற்றுகையில், உதவிக்கு வந்த ஹிதேயோஷி மேலிடத்து ஆணையால் விலகிச் செல்ல, கட்சுஹிசா தற்கொலை செய்துகொண்டார். சரணடைந்த ஷிக்கானோசுகே கைதியாகக் கொண்டுசெல்லப்படும் வழியில் ஓர் ஆற்றுத்துறையில் கொல்லப்பட்டார். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய ஜப்பானியப் பள்ளிப் பாடநூல் அவரை விசுவாசத்தின் திருவுருவாக்கிற்று. மடத்தில் நிம்மதியாக இருந்த கட்சுஹிசாவிடம் எவரேனும் விருப்பம் கேட்டார்களா என்பது அந்தப் பாடத்துக்கு வேண்டாத கேள்வி.

யாச்சமர் வென்றதனால் அவர் கதையில் அடுத்த அத்தியாயமும் உண்டு. அரசனாக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து, தன் நலனைத் தானே பார்க்கத் தொடங்கியபோது, கொப்பூரிக் குலத்தோடு சமாதானம் தேடினான். ஜக்க ராயரின் தம்பி எதிராஜர் தம் மகளை ராமதேவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பலிகொண்ட வீட்டுக்கே அரசர் மருமகனானார். ஆண்டானுக்குச் சமரசம் செய்துகொள்ளும் உரிமை உண்டு. அவனுக்காகப் பகை வளர்த்துக்கொண்ட சேவகனுக்கு அவ்வுரிமை எளிதில் கிடைப்பதில்லை.

சேவகர் குலங்களோ அரச குலத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றன. யாச்சமரின் சகோதரி அக்கமாம்பாவை மணந்தவர் தாமர்ல சென்னப்பர். அவர்களுடைய மக்களான வேங்கடப்பரும் ஐயப்பரும் 1639இல் ஆங்கிலேயருக்குக் கடற்கரை நிலம் கொடுக்க, தந்தை பெயரால் சென்னப்பட்டினம் எழுந்தது. பேரரசின் கடைசி மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கர், நாட்டை இழந்து அடைக்கலம் தேடி அலைந்து மறைந்தார். வேலுகோடி குலத்தார் வேங்கடகிரி ஜமீன்தார்களாக நவாபுகளையும் கம்பெனியையும் பிரிட்டிஷ் அரசாங்கத்தையும் கடந்து, 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை தங்கள் நிலத்தை விடாது வைத்திருந்தனர்.